மழை நாட்களில் நின்றுபோன ரேடியோ

கார் ரேடியோ நின்றுபோவதைத்தான் நான் முதலில் பழுது என்று நினைத்தேன். ஒரேயடியாக நின்றுபோவதில்லை. செய்தி வாசிக்கும் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்துவிடும். நான்கைந்து வினாடிக்கு ஒரு சத்தமும் இருக்காது. பிறகு அதே குரல் அடுத்த செய்தியின் நடுவிலிருந்து தொடரும். இருபத்தாறு வருடம் பதுளையிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் குறிப்புப் புத்தகம் இருக்கும். அதில் இதையும் எழுதி வைத்தேன். நாள், நேரம், இடம், எத்தனை வினாடி.

ஜப்பானில் யாரோ ஓட்டிப் பழசாக்கிய பிறகு கப்பலேறி வந்த சின்னக் கார் அது. உள்ளே இருக்கிற ரேடியோ செட்டில் எல்லாம் ஜப்பான் எழுத்து. சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் மிகுந்த மரியாதையோடு ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்த ஊரில் இப்படிப்பட்ட கார் வைத்திருக்கும் வேறு யாரைக் கேட்டாலும் அவர்களுக்கும் தெரியாது. அவள் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு எல்லோரும் புறப்பட்டுப் போகிறோம்.

அந்தச் செட்டோடு என் போனை ப்ளூடூத்தில் இணைத்தவன் நான்தான். எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று தெரியாமலே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். எப்படியோ இணைந்துவிட்டது. போனில் இருந்த பழைய பாட்டுகள் நான்கு கதவுகளிலிருந்தும் வந்தன. வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

காரை வாங்கியது மச்சானுக்காக. மச்சான் என்றால் அக்காவின் கணவர். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ரோட்டுக்கு மேலே உள்ள லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறார்கள். மச்சானுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் பதுளை ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். போகும்போது எப்படியோ நடந்துவிடுவார். திரும்பும்போது கால் நிற்காது, தலை சுற்றும். அந்த நிலையில் தோட்டத்து பஸ்ஸில், அத்தனை வளைவுகளில், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருவது அவரால் ஆகாத காரியம்.

லயத்து முன்னால் ரோடு மிகவும் ஒடுக்கம். அங்கே காரை நிறுத்தினால் கொழுந்து லொறிக்கு வழி இருக்காது. அதனால் அரை மைல் கீழே, பெக்டரிப் பக்கத்துத் தேநீர்க் கடை முன்னால் நிறுத்திக் காத்திருப்பேன். அவர்கள் படியிறங்கத் தொடங்கியதும் அக்கா தகவல் தர வேண்டும், நான் மேலே போய் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

தகவல் என்றால் மிஸ்ட் கோல். லயத்தில் சிக்னல் ஒரே ஒரு கோடு. மணி அடிக்கும், ஆனால் அங்கே பேசும் குரல் துண்டு துண்டாகத்தான் போகும், வரும் குரல் மட்டும் ஓரளவு கேட்கும். ஆகவே அங்கே பாதிப் பேச்சு மணியிலேயே நடக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் முறை இது. அக்கா ஒரே ஒரு தடவை அடிக்கவிட்டு வைத்துவிட்டால், இறங்குகிறோம் என்று அர்த்தம். நான் பதிலுக்கு ஒரு தடவை அடித்து வைத்தால், வருகிறேன் என்று அர்த்தம். போனை எடுத்தால், பேச வேண்டிய விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதற்கு அதில் அர்த்தமே கிடையாது. அப்படி யாரும் செய்வதில்லை.

முதல் தடவை ஒரு செவ்வாய்க்கிழமை. விடியும்போதே மழை. மண்சரிவு எச்சரிக்கை சொல்வார்கள் என்று காருக்குள்ளேயே ரேடியோவைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மணி அடிக்கவில்லை. நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு நானாகவே மேலே போனேன். வளைவில் இருவரும் ஒரு குடைக்குள் நின்றார்கள். மச்சானின் ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது.

"ஏன்க்கா அடிக்கல?"

"அடிச்சேனே. எடுத்தியே."

"நான் எங்க எடுத்தேன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மச்சானைப் பிடித்துப் பின் சீட்டில் ஏற்றினாள். "சரி, போ. நேரமாச்சு."

வெள்ளிக்கிழமை வெயில். காரைப் பூட்டிவிட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் மணி அடித்தது. பதில் மணி கொடுத்துவிட்டு மேலே போனேன். எல்லாம் சரியாக நடந்தது. அடுத்த செவ்வாய் மறுபடி மழை. மறுபடி மணி இல்லை. மறுபடி அவர்கள் வளைவில் நின்றார்கள். அக்கா இந்த முறை எடுத்தியே என்று சொல்லவில்லை.

பின் சீட்டிலிருந்து மச்சான்தான் பேசினார். "இதுல என்னா இருக்கு மாப்ள? மழ வந்தா டவர் படுத்துரும். அதுக்கும் என்னைய மாதிரி, தண்ணி கூடுனா ஆகாது."

குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். மழை: மணி வரவில்லை. வெயில்: வந்தது. மழை: வரவில்லை. ரேடியோ அறுந்துபோனதும் அதே மழை நாட்களில்தான். எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தியது. மச்சான் சொல்வதே சரி என்று முடிவு செய்தேன். மழை நாளில் நான் காருக்குள் இருந்தேன், வெயில் நாளில் வெளியே இருந்தேன் என்பதும் அதே பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருந்தது. இடம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தேன். அதை நான் வாசிக்கவில்லை.

டவரை நான் ஒன்றும் செய்ய முடியாது. ரேடியோவையாவது பார்க்கலாம் என்று பதுளை டவுனில் கார் செட் பூட்டும் நானாவின் கடைக்குப் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம், இவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். எந்த வயரையும் பல்லால் கடித்துத்தான் தோலுரிப்பார். சாவியைத் திருப்பியதும் அந்தப் பெண் பேசி முடிக்கும் வரை கை கட்டி நின்றார்.

"ஐயா, ஒங்கட காரு எங்கட வீட்டு ஆக்கள விட மரியாதயா பேசுது."

"என்ன சொல்லுதுன்னு தெரியுமா நானா?"

"பதினஞ்சு வருஷமா கேக்கிறேன். நல்ல விஷயமாத்தான் ஈக்கும்."

ரேடியோவைப் போட்டோம். அரை மணி நேரம் அறுந்துபோகவே இல்லை. போனில் பாட்டுப் போட்டோம், அதுவும் ஓடியது. ஏரியலில் தண்ணீர் இறங்குகிறது என்று சொல்லி அடியில் ஒரு ரப்பர் வைத்து, வயரையும் மாற்றினார். நான் சொன்னது ரேடியோவைப் பற்றி. அவர் பார்த்ததும் ரேடியோவைத்தான். போன் அழைப்பு எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வெள்ளியும் மழை. அன்று காரில் இன்னொருவரும் இருந்தார். என் அயல்வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார். தான் முதலில் படிப்பித்த தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று கூட வந்தார். பெக்டரிப் பக்கத்தில் நிறுத்தினோம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். இடையில் ரேடியோ அறுந்தது. இந்த முறை நீண்ட நேரம். "ஏரியல் மாத்தியும் இதே கூத்து சேர்" என்று அவரிடம் சொன்னேன்.

ஒரு மணி நேரம் போயிற்று. மேலே ஓட்டிப் போனேன். வளைவில் யாரும் இல்லை. படியேறிப் போய்ப் பார்த்தால் வீடு பூட்டிக் கிடந்தது. லயத்தின் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பெண் வாசலில் நின்றாள்.

"அவுங்க மேல் ரோட்டால பஸ்சுக்குப் போனாங்களே. நீங்க வரலன்னு அக்கா சொன்னாங்க."

வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போனபோது, ஆஸ்பத்திரியில் மச்சான் ஏற்கெனவே மிஷினில் இருந்தார். அக்கா பக்கத்து ஸ்டூலில். என்னைக் கண்டதும் மச்சான் சிரித்தார்.

"காரு என்னாச்சு மாப்ள? ரிப்பேராம்ல, அக்கா சொல்லுச்சு."

அக்காவைப் பார்த்தேன். அவள் இரத்தம் போகும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மச்சான்" என்றேன். "சின்னப் பழுது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அவள் எதற்காகப் பொய் சொன்னாள் என்று தெரியாமலே அதற்குச் சாட்சி சொன்னேன். சொன்ன பிறகு காரில் அவர்களைக் கூட்டிப் போகவும் வழியில்லை. ஓடாத கார் ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே நின்றது. பின்னேரம் அவர்கள் பஸ் ஏறினார்கள். இருக்கை இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால், மச்சான் பார்க்காத தூரத்தில், காரை ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது வளைவு தாண்டியதும் அவர் பின்கதவுப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு முழங்காலும், கம்பியைப் பிடித்த ஒரு கையும், அவர் சட்டைக் கொலரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்த அக்காவின் கையும் தெரிந்தன. அவர்கள் இறங்கும் வரை அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே போனேன்.

அடுத்த செவ்வாய் மழை இல்லை. காரைப் பூட்டிவிட்டுத் தேநீர்க் கடையில் காத்திருந்தேன். அன்றும் மணி வரவில்லை. டவர் மீது பழி போட முடியாது. மேல் ரோட்டில் பஸ் திரும்பிப் போவது கடையிலிருந்தே தெரிந்தது.

அப்போதுதான் போனில் அழைப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மழை நாட்கள் மூன்றிலும் அக்காவின் அழைப்பு வந்திருந்தது. மூன்றும் தவறிய அழைப்புகள் அல்ல. பதில் சொன்ன அழைப்புகள். நான்கு வினாடி. ஆறு வினாடி. கடைசி வெள்ளி, முப்பத்தொரு வினாடி.

நான் எடுக்கவில்லை. ஆனால் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரங்களைக் குறிப்புப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். ரேடியோ அறுந்த நேரங்கள் அவை. முப்பத்தொரு வினாடிக்கு நான் "அரை நிமிடம்" என்று எழுதியிருந்தேன்.

நேரே நானாவிடம் போனேன். பட்டியலைக் காட்டியதும் அவர் தன் போனை எடுத்தார். "நீங்க உள்ளுக்கு இரிங்க, நான் அடிக்கிறேன்." என் போன் வழக்கம்போல கதவுப் பையில் கிடந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. மணிச் சத்தம் இல்லை, குரல் இல்லை. நானா கடைக்கு முன்னால் ரோட்டில் நின்றுகொண்டு வாயை அசைப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.

"ஒன்னுமே கேக்கலியே நானா" என்று காருக்குள் முணுமுணுத்தேன். அவர் ரோட்டில் நின்றபடியே தலையை ஆட்டினார். உள்ளே வந்து சொன்னார்:

"ஒங்களுக்குத்தான் கேக்கல்ல. எனக்கு எல்லாம் வெளங்குது. நீங்க மூச்சு விடுறதும் வெளங்குது."

போன் கெமராவைத் திரைக்கு நேரே பிடித்தால் எழுத்தை மொழிபெயர்க்கும் ஒரு வசதி அவருடைய போனில் இருந்தது. அது தந்த தமிழில் பாதி விளங்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் 'வரும் அழைப்புக்குத் தானாகவே பதில்' என்று வந்தது. பக்கத்தில் பச்சைப் புள்ளி. அதாவது மணி அடித்த கையோடு செட் தானே போனை எடுத்துவிடும். இன்னொரு இடத்தில் அழைப்புக்கு மட்டுமான சத்தம், சுழியத்தில் இருந்தது. ரேடியோவுக்கும் பாட்டுக்கும் ஒரு சத்தம், போன் பேச்சுக்கு வேறு சத்தம். ரேடியோச் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அது கூடாது. அழைப்பு நடக்கும்போது திருகினால்தான் கூடும். அழைப்பு நடக்கிறது என்று தெரிந்தால்தானே திருகுவது. மைக் ஒன்று தலைக்கு மேலே, விளக்குப் பக்கத்தில், பட்டாணி அளவில் இருந்தது. அது ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

எல்லாவற்றையும் நானா மாற்றிக் கொடுத்தார். போகிற போக்கில் அந்தப் பெண்ணின் பேச்சையும் போனுக்குக் காட்டிப் பார்த்தார். 'அட்டை செருகப்படவில்லை' என்று வந்தது.

"என்ன அட்ட?" என்று கேட்டேன்.

"அத அவவிட்டத்தான் கேக்கோணும்."

வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தேன். நான்கு வினாடியும் ஆறு வினாடியும் பரவாயில்லை. மழைச் சத்தம் கேட்டிருப்பாள், ஹலோ ஹலோ என்று கூப்பிட்டிருப்பாள். முப்பத்தொரு வினாடி அப்படியல்ல. அவ்வளவு நேரம் அவள் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வாத்தியார் அன்று என்னிடம் ஒன்று கேட்டார், நான் ஒன்று சொன்னேன். ரேடியோ நின்றிருந்ததால் எங்கள் குரல் காருக்குள் நன்றாக ஒலித்தது. அதுவரை நினைவுக்கு வந்தது. என்ன சொன்னேன் என்பது அதற்குச் சற்றுப் பிறகு நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை லயத்துக்குப் போனேன். மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா வெறும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், சீனி தனியாக. விருந்தாளிக்கு வைப்பது போல. நான் செட்டைப் பற்றிச் சொன்னேன். தானாக எடுப்பதை, சத்தம் சுழியத்தில் இருந்ததை, எல்லாவற்றையும். மச்சானுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"அப்ப டவர் இல்லியா? பாவம், அத நான் சும்மா ஏசிட்டேன். காரு சரியாயிருச்சா இப்ப?"

"சரியாயிருச்சு மச்சான்."

"அந்தப் பக்கம் பேசுறது ஒனக்குக் கேக்காது. நீ பேசுறது இந்தப் பக்கம் கேக்கும். அப்படித்தான?"

"ஆமா."

"நல்ல மிஷினு" என்றார் மச்சான். "நம்ம பெரிய கங்காணிக்குப் பூட்டி விடணும்."

அக்கா சிரிக்கவில்லை. வெறும் வாளியை எடுத்துக்கொண்டு, வெளியே தண்ணீர்க் குழாய் இருக்கும் பீலிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தண்ணீர் விழும் சத்தத்தில் உள்ளே எதுவும் கேட்காது.

"அக்கா, நான் எடுக்கல. செட்டுதான் எடுத்திருக்கு."

"வெளங்குது. செட்டு எடுத்துச்சு." வாளியைக் குழாய்க்குக் கீழே சரியாக நகர்த்தினாள். "சொன்னது யாரு?"

அவளே சொன்னாள், என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு.

"'வாரத்துல ரெண்டு நாள் போயிருது சேர். அவருக்கு ஒன்னு ஆகுற வரைக்கும் இது இப்படியே ஓடும்.'"

ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் வந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்றும், சொன்ன இடம் வேறு, பொருள் வேறு என்றும் சண்டை பிடித்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் நம்பியதில்லை. குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டி அனுப்பியிருக்கிறேன். பீலியடியில் நின்றபோது எனக்கும் அதே வாக்கியங்கள்தான் வாய்க்கு வந்தன. சும்மா பேச்சுக்குச் சொன்னது. வாத்தியார் கேட்டதற்குச் சொன்னது. அவற்றை விழுங்கிக்கொண்டேன்.

"மச்சானுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"காரு ரிப்பேர்னு சொல்லி வச்சிருக்கேன்ல. அதுக்குத்தான்." வாளி நிறைந்து வழிந்தது, அவள் எடுக்கவில்லை. "அவரு அந்தப் படியில ஒக்காந்து வந்தப்ப நீ பின்னாலயே வந்த. பாத்தேன். இப்படி ஒருத்தன் எதுக்கு அப்படி சொன்னான்னு எனக்கு இன்னும் வெளங்கல."

"எனக்கும் வெளங்கலக்கா."

"நெசமா நெனச்சியா?"

"அந்த நேரம் நெனச்சேன்."

அவள் குழாயை மூடினாள். வாளியைத் தூக்கினாள். "நானும் சில நாளு நெனக்கிறதுதான்" என்றாள். "வாயில சொல்றதில்ல."

வாளியை நான் வாங்கிக்கொண்டேன். வாசலுக்கு வந்ததும் அவள் உள்ளே கேட்கும்படி சொன்னாள்: "நாளைக்கு வெள்ளிக்கிழம. ஏழரைக்கு இறங்குவோம்."

வெள்ளிக்கிழமை மழை. நான் காருக்குள்ளேயே இருந்தேன், ரேடியோவைப் போட்டுக்கொண்டு. வெளியே போய் நிற்கலாமா என்று ஒரு தடவை யோசித்தேன். தலைக்கு மேலே அந்தப் பட்டாணி மைக்கைப் பார்த்தேன். தனியாகத்தான் இருந்தேன், ஆனாலும் பேசாமல் இருந்தேன். ஏழரைக்கு ரேடியோ நின்றது. முதல் தடவையாக நான்கு கதவுகளிலும் மணி அடித்தது. ஒன்று. நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன், அவள் வைத்துவிடுவாள் என்று. இரண்டு. மூன்று. வைக்கவில்லை. எங்கள் முறையில் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. நான்காவதில் எடுத்தேன்.

அக்காவின் குரல் மிகப் பெரிதாக வந்தது, துண்டு துண்டாக. "இறங்கு... பேசணுமாம்... இந்தா."

"மாப்ள, கேக்குதா?" மச்சான்.

"கேக்குது மச்சான்."

"இங்க எனக்கு நான் பேசுறதே திரும்பிக் கேக்குது. ரெண்டு மச்சான் இருக்காப்ல இருக்கு. இது என்னா பழுது?"

"தெரியல. வர்றேன், வந்து பாப்போம்."

அக்கா ஏதோ சொல்வது தூரத்தில் கேட்டது. போனை வைக்கச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். மச்சான் வைக்கவில்லை. தன் குரலைத் தானே கேட்க அவருக்குப் பிடித்திருந்தது போலும், ஹலோ என்றார், காத்திருந்தார், மறுபடி ஹலோ என்றார். நான் அழைப்பை வெட்டாமலே காரைக் கிளப்பி மேலே போனேன். வளைவில் அவர்களைக் கண்டபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைந்த பிறகுதான் குரல் காருக்குள் வந்தது.

அந்த எதிரொலியை நானாவால் இன்னும் சரிசெய்ய முடியவில்லை. போனில் பழுது என்கிறார் ஒரு நாள், செட்டில் என்கிறார் இன்னொரு நாள்.